குஷனை மாற்றினால் பாட்டு மாறுமா?

(பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு மாலை நம் சங்கக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். மேஜையில் செய்து காட்டிய இடங்களில் மட்டும், படிப்பவர்களுக்குப் புரிவதற்காகச் சில வரிகளைச் சேர்த்திருக்கிறேன்.)



"ஹெட்போனைப் பற்றிப் பேச என்ன சார் இருக்கு? மாட்டினா கேக்குது, கழட்டினா கேக்கல" என்று லிப்டில் வரும்போதே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் குடியிருப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டைடல் பார்க் பக்கம் வேலைக்குப் போகிற பிள்ளைகள் காலையில் மாட்டுகிற ஹெட்போனை ராத்திரி அமெரிக்காக்காரனோடு பேசி முடித்த பிறகுதான் கழற்றுகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடமும் அதில்தான் கேட்கிறார்கள், விளையாட்டும் அதில்தான். என் வயதுக்காரர்கள் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்லாமல் கச்சேரி கேட்கவும் சீரியல் பார்க்கவும் அதையே மாட்டிக்கொள்கிறோம். டி.வி. சத்தம் பற்றிச் சங்கத்துக்கு வரும் புகார்கள் குறைந்ததற்குப் பாதிக் காரணம் ஹெட்போன்தான் என்பது என் அபிப்பிராயம். செயலாளர் தலையாட்டுகிறார்.

இவ்வளவு நேரம் காதில் இருக்கிற சாமானை யாரும் அப்படியே வைத்திருப்பதில்லை. நம் ஊர் வியர்வைக்கு ரெக்சின் குஷன் செதில் செதிலாக உரிந்து கழுத்தில் ஒட்டிக்கொள்ளும். உடனே ஆன்லைனில் வேறு குஷன் வாங்கி மாட்டுகிறோம். வியர்க்கிறது என்று குஷனுக்குத் துணி உறை போடுகிறோம். பாஸ் பத்தவில்லை என்று ஒருவர் பின்பக்க ஓட்டையில் டேப் ஒட்டுகிறார். இன்னொருவர் மூடியைத் திறந்து பஞ்சு அடைக்கிறார். வேறொருவர் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒயர் மாற்றுகிறார். செய்து முடித்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இப்ப சூப்பரா இருக்கு." உண்மையிலேயே மாறியதா, எவ்வளவு மாறியது, நல்லதாக மாறியதா, அதை எப்படித் தெரிந்துகொள்வது? இன்றைக்கு என் பேச்சு அவ்வளவுதான்.

இந்தக் கேள்வி நமக்கு அந்நியமானது இல்லை. மார்கழியில் மயிலாப்பூர், தி. நகர் சபாக்களுக்குப் போகிறவர்கள் மிருதங்கத்தின் வலந்தலையைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் கறுப்பாக வட்டமாக இருக்கிறதே, அதைச் சோறு என்றும் கரணை என்றும் சொல்வார்கள். கல்லைப் பொடி செய்து, வெந்த சோற்றோடு பிசைந்து, தோலின் மேல் மெல்லிசாகத் தடவி, தேய்த்து, காய்ந்த பின் மறுபடி தடவி, அடுக்கடுக்காக ஏற்றுவது. ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் செய்பவர் தட்டிக் கேட்பார். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து போன்ற கைவினைஞர்களுக்கு அந்தத் தட்டல்தான் மீட்டர். இடந்தலையில் கச்சேரிக்கு முன்னால் ரவையைப் பிசைந்து ஒட்டுவதும் இதே வேலைதான். குச்சி மிருதங்கம், கப்பி மிருதங்கம் என்று இரண்டு வகை சொல்வார்கள். தோல்களுக்கு இடையில் துண்டுக் குச்சி செருகினால் ஒரு நாதம், கல் துணுக்கு போட்டால் வேறு நாதம். ஆக, ஒரு வாத்தியத்தில் எதையாவது ஒட்டி, செருகி, அடைத்து ஒலியை மாற்றுவது நம் ஊரில் காலகாலமாக நடக்கிற காரியம்.

அதை அறிவியல் முறையில் ஆராய்ந்தவரும் நம் ஊர்க்காரர்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி.வி. ராமன். என் போன்ற கணக்கு ஆசாமிகளுக்கு இதில் கூடுதல் பெருமை உண்டு. 1907இல் அவர் கல்கத்தாவில் சேர்ந்தது உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல் வேலையில். பத்து வருஷம் அரசாங்கக் கணக்குப் பார்த்துக்கொண்டே, ஆபீசுக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த அறிவியல் கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். 1917இல்தான் வேலையை விட்டுப் பேராசிரியர் ஆனார். 1920இல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் நம் தோல் வாத்தியங்களைப் பற்றி எழுதினார். 1930களில் மறுபடியும் விரிவாக எழுதினார்.

அவர் கண்டதை எளிமையாகச் சொல்கிறேன். சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் அடிப்படை ஒலியோடு சேர்ந்து கிளம்பும் மற்ற ஒலிகள் 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும். அதனால்தான் வெறும் தோலில் 'தொம்' என்று சத்தம் வருமே தவிர சுருதி வராது. நடுவில் கரணை ஏறியதும் அவை 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என்று வரிசைக்கு வந்துவிடுகின்றன, தந்தி வாத்தியம் மாதிரி. தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, எந்த இடம் அதிர்கிறது, எந்த இடம் அசையாமல் நிற்கிறது என்று கண்ணால் பார்க்கும்படி செய்தார். மிருதங்கம் செய்பவருக்குக் கரணை நல்லது என்று முன்பே தெரியும். ராமன் சேர்த்தது, அது எதை மாற்றுகிறது, எவ்வளவு மாற்றுகிறது என்ற கணக்கு.

ஹெட்போனுக்கும் அந்தக் கணக்குத்தான் வேண்டும். முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

காதுக்கு எதிரே ஒரு மெல்லிய சவ்வு. அது முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. சவ்வுக்கும் உங்கள் காதுக்கும் நடுவில் குஷன் ஒரு சின்ன அறையைக் கட்டுகிறது. சவ்வுக்குப் பின்னால் கிண்ணம், அதில் ஒன்றிரண்டு காற்றோட்ட ஓட்டைகள், கொஞ்சம் பஞ்சோ ஸ்பாஞ்சோ. அவ்வளவுதான். இதில் மிக முக்கியமான பாகம் எது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சவ்வைச் சொல்வார்கள். நான் குஷன் என்பேன்.

ஏன் என்று சொல்ல சைக்கிள் பம்ப் போதும். வாஷர் தேய்ந்த பம்பை மெதுவாக அழுத்தினால் காற்று ஓரமாகக் கசிந்து போய்விடும், டியூபுக்குப் போகாது. அதையே வேகமாக அடித்தால் கசிய நேரமில்லாமல் காற்று கொஞ்சம் உள்ளே போகும். ஹெட்போனிலும் அப்படித்தான். பாஸ் என்பது மெதுவான அசைவு, நொடிக்கு ஐம்பது தடவை, நூறு தடவை. குஷனில் இடைவெளி இருந்தால் அந்த மெதுவான அழுத்தமெல்லாம் வெளியே கசிந்துவிடும். நொடிக்கு ஆயிரக்கணக்கில் அசைகிற மேல் ஒலிகள் பெரிதாகப் பாதிக்கப்படாமல் வந்து சேரும். அதனால் குஷன் கெட்டால் பாட்டு நின்றுபோவதில்லை. இளைத்துப்போகிறது. தொப்பியின் கும்கி காணாமல் போய், சலங்கைச் சத்தம் மட்டும் மிச்சம் நிற்கும்.

(இந்த இடத்தில் மேஜையில் இருந்த ஹெட்போனின் குஷனுக்கு அடியில் ஒரு பென்சிலைச் செருகிக் காட்டினேன். திரையில் இருந்த கோடு 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே சாய்தளம் மாதிரி இறங்கியது. மூடிய வகை ஹெட்போனில் சிறு இடைவெளிக்கே பாஸ் 10 டெசிபல் அளவுக்கு இறங்குவது சாதாரணம்.)

பென்சில் வேண்டாம், உங்கள் மூக்குக் கண்ணாடியின் கால் போதும். ஜிமிக்கி போதும். கண்ணாடி போட்டுக்கொண்டு கேட்கிற நாம் எல்லோரும் கொஞ்சம் பாஸை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் கேட்கிறோம்.

சரி, இதையெல்லாம் காதாலேயே தெரிந்துகொள்ள முடியாதா? முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் காது ஒரு மோசமான கணக்குப்பிள்ளை. ஒலியின் நுணுக்கத்தைக் காது ஞாபகம் வைத்திருப்பது சில நொடிகள்தான். குஷனைக் கழற்றி மாற்ற ஐந்து நிமிஷம் ஆகிறது. அதற்குள் பழைய ஒலி மனசில் இருக்காது, 'இருந்தது' என்ற எண்ணம்தான் இருக்கும். இரண்டாவது, ஒரு டெசிபல் அதிகமாகக் கேட்டாலும் நமக்கு அது சத்தம் அதிகம் என்று படாது, தரம் அதிகம் என்று படும். மூன்றாவது, காசு. இரண்டாயிரம் ரூபாய் கொடுத்த பிறகு காது நன்றாகத்தான் கேட்கும், வேறு வழியில்லை.

நாலாவது காரணம் எங்களைப் போன்றவர்களுக்கு. அறுபதைத் தாண்டினால் மேல் ஒலிகள் ஒவ்வொன்றாகக் காதைவிட்டுப் போகும். மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது புத்தகத்தில் இருக்கிற இளைஞனின் காது. என் பேரன் வயதுப் பிள்ளைகள் முகம் சுளிக்கிற கீச்சென்ற சத்தம் எனக்கு நிசப்தம். நான் காதால் கேட்டு "நல்லா இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்த ஹெட்போன், பத்து வயதுப் பிள்ளைக்கு ஊசி குத்துவது மாதிரி இருக்கலாம். அளவுகோலுக்கு வயதாகிவிட்டால் வேறு அளவுகோல்தான் வேண்டும்.

அந்த அளவுகோல் இதோ இருக்கிறது. ஒரு சாண் அகலப் பிளைவுட் பலகை. அதன் மேல் ஒட்டிய பழைய மௌஸ் பேட், கன்னத்துத் தோலுக்குப் பதிலாக. நடுவில் துளை, துளையில் பலகை மட்டத்துக்கு ஒரு சின்ன மைக். ஹெட்போனை இதன் மேல் உட்கார வைத்து, மைக்கை லேப்டாப்பில் மாட்டி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால், கீழ் ஸ்தாயியிலிருந்து மேலே ஒரு 'ஊ...' என்ற சத்தம் போய்வரும். திரையில் கோடு விழும். இடமிருந்து வலம் பாஸிலிருந்து மேல் ஒலி வரை. கோடு உயர்ந்தால் அந்த ஒலி அதிகம், தாழ்ந்தால் குறைவு.

ஆராய்ச்சிக்கூடங்களில் இதற்கு மனிதத் தலை மாதிரியே, ரப்பர் காதும் காதுக்குழாயும் வைத்த பொம்மை உண்டு. கெமர் என்று பெயர், 1970களில் வந்தது. பல லட்சம் ரூபாய். அதற்கு முன்னால் என் பலகை வெறும் பலகைதான். இந்த ஹெட்போன் உலகத்தரமா என்று கேட்டால் என் பலகைக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் நம் கேள்வி அது இல்லையே. மாற்றுவதற்கு முன், மாற்றியதற்குப் பின், இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? தராசு நூறு கிராம் குறைத்தே காட்டுகிற தராசாக இருந்தாலும், நேற்றைவிட இன்று எவ்வளவு கூடியிருக்கிறோம் என்பதைச் சரியாகச் சொல்லும். அதே மாதிரி.

ஆனால் ஒரு நிபந்தனை. இதைச் செய்யாமல் யார் கோடு போட்டுக் காட்டினாலும் நான் நம்பமாட்டேன். ஹெட்போனை ஒரு தடவை வைத்து ஒரு கோடு எடுத்தால் போதாது. தூக்கி மறுபடி வைத்து இன்னொரு கோடு. அப்படி ஐந்து தடவை. ஒன்றையுமே மாற்றவில்லை, ஆனாலும் ஐந்து கோடும் ஒன்றாக விழாது. பாஸில் கொஞ்சம், மேல் ஒலியில் ரொம்பவே விலகும். காரணம், ஒவ்வொரு தடவையும் அது உட்காரும் இடம் மயிரிழை மாறுகிறது. இந்த ஐந்து கோடும் சேர்ந்து ஒரு நூல் கட்டு மாதிரி இருக்கும். பிறகு குஷனை மாற்றுங்கள். மறுபடி ஐந்து கோடு, இன்னொரு நூல் கட்டு. இரண்டு கட்டும் எந்த இடத்தில் ஒன்றையொன்று தொடாமல் பிரிந்து நிற்கிறதோ அங்கேதான் மாற்றம் நடந்திருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தால், நீங்கள் மாற்றியது ஒலியில் ஒன்றையும் மாற்றவில்லை என்று அர்த்தம், பில் எவ்வளவு வந்திருந்தாலும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். குஷனும் மாற்றி, பஞ்சும் அடைத்து, டேப்பும் ஒட்டிவிட்டு அளந்தால், வித்தியாசம் எதனால் வந்தது என்று ஆயுசுக்கும் தெரியாது. பழைய பேங்க்காரர்களுக்கு இது சொல்ல வேண்டியதில்லை. நாள் முடிவில் கணக்கு இடிக்கும்போது வித்தியாசம் 9ஆல் வகுபட்டால், 63 என்பதை யாரோ 36 என்று எழுதியிருப்பார்கள் என்று முதலில் அங்கே தேடுவோம். வித்தியாசத்தின் உருவமே காரணத்தைச் சொல்லும். இங்கேயும் அப்படித்தான். கோடு 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு இறங்கினால் அது கசிவு, குஷனைப் பாருங்கள். இடது பக்கம் மட்டும் இறங்கினால் அந்தப் பக்கக் குஷன் அமுங்கியிருக்கிறது, அல்லது சவ்வுக்கு முன்னால் தூசி அடைத்திருக்கிறது. மேல் ஒலியில் மட்டும் கூரிய பள்ளமும் மேடும் இடம் மாறினால், உட்கார்ந்த இடம் மாறியிருக்கிறது. அதை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள்.

சாதனத்தைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். மைக்கில் இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். மீட்டிங்கில் பேசுவதற்காக வைத்தது அது, அளக்கிற சத்தத்தையே இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடும். புளூடூத் ஹெட்போனாக இருந்தால் லேப்டாப் அதன் சொந்த மைக்கைத் தொடாதபடி பாருங்கள். தொட்டால் அது போன் பேசுகிற நிலைக்குப் போய், ஒலி பழைய டிரங்க் கால் தரத்துக்கு வந்துவிடும். வெளி இரைச்சலை ரத்து செய்கிற வகையில் உள்ளேயே ஒரு மைக் உட்கார்ந்து கசிவைக் கொஞ்சம் ஈடுகட்டப் பார்க்கும். அதனால் அந்த வசதி வேலை செய்யும்போது ஒரு முறை, அணைத்து ஒரு முறை என்று தனித்தனியாக அளக்க வேண்டும்.

இனி, எது எதை மாற்றுகிறது என்று வருவோம். ஜப்பானிய ஃபாஸ்டெக்ஸ் நிறுவனத்தின் டி50ஆர்.பி. என்று ஒரு ஹெட்போன். உலகம் முழுக்கப் பொழுதுபோக்குக்காரர்கள் திறந்து, பஞ்சு வைத்து, களிமண் மாதிரி ஒட்டுப்பசை அப்பி, ஓட்டையை அடைத்து, அளந்து, மறுபடி திறந்து, அதைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறார்கள். அப்படிப் பலர் செய்து பார்த்ததில் தெரிந்ததும் என் பலகையில் தெரிந்ததும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

குஷன்தான் ராஜா. பொருள் மாறினால் மாறும், ஆழம் மாறினால் மாறும், உள் ஓட்டையின் அகலம் மாறினால் மாறும். ரெக்சினுக்குப் பதில் வெல்வெட் மாதிரித் துணிக் குஷன் போட்டால் காது வேகாது, ஆனால் துணி வழியே காற்றுப் போவதால் பாஸ் குறையும். தடிமனான குஷன் போட்டால் சவ்வு காதைவிட்டுத் தள்ளிப்போய் மேல் ஒலியின் குணமே வேறாகும். அதனால் 'எல்லா மாடலுக்கும் பொருந்தும்' என்று விற்கிற குஷன் தலைக்குப் பொருந்தும், ஒலிக்குப் பொருந்தும் என்று அர்த்தமில்லை. கம்பெனியே தனியாகக் குஷன் விற்றால் நூறு இருநூறு அதிகமானாலும் அதையே வாங்குங்கள். 1997இல் வந்த சென்ஹைசர் எச்.டி. 600 இன்னும் புழக்கத்தில் இருப்பதற்குக் குஷன், ஒயர் எல்லாம் கழற்றி மாற்றும்படி செய்ததும் ஒரு காரணம். குஷன் சைக்கிள் டயர் மாதிரி, தேய்கிற சாமான்.

மெல்லிய பருத்தித் துணி உறை நம் ஊருக்கு ஏற்றது. பாஸில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். ரெக்சின் உரியாமல் இருப்பதற்கு அது கொடுக்கத்தக்க விலை. உறையில் சுருக்கம் விழாமல் போட வேண்டும், சுருக்கம் விழுந்தால் அதுவே பென்சில்.

ஓட்டையை டேப்பால் மூடுவது நிச்சயம் மாற்றும். எந்தத் திசையில் என்பது அந்த மாடலைப் பொறுத்தது. சிலதில் பாஸ் கூடும், சிலதில் குறையும், சிலதில் ஒரு இடத்தில் மட்டும் வீங்கி ஆண்குரல்கள் எல்லாம் பானைக்குள் பேசுவது மாதிரி ஆகும். டேப்பை உரிக்க முடியும் என்பதால் தைரியமாகச் செய்து பார்க்கலாம். துளை போடுவது வேறு கதை. போட்ட துளையைத் திரும்பப் பெற முடியாது. கிண்ணத்துக்குள் பஞ்சு வைப்பதும் மாற்றும். கொஞ்சம் வைத்தால் எதிரொலி அடங்கும், அதிகம் வைத்தால் உயிரும் அடங்கும்.

ஒயர். இதில் சிலருக்கு என் மேல் கோபம் வரலாம். அறுந்த ஒயரை மாற்றுங்கள், முடிச்சு விழுந்து கரகரக்கிற ஒயரை மாற்றுங்கள். நல்ல ஒயருக்குப் பதில் விலை உயர்ந்த நல்ல ஒயர் போட்டால் சாதாரண ஹெட்போனில் இரண்டு நூல் கட்டும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துத் தூங்கும். காதுக்குள் செருகுகிற சில ரகங்களில் சின்னச் சின்ன ஒலிப்பான்கள் பல இருக்கும், மின்தடை மிகக் குறைவு. அவற்றில் மட்டும் ஒயரின் தடை கொஞ்சம் விளையாடும். நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி 'பழகும்' என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஓடவிட்டதில் வருகிற மாற்றம், எடுத்து மறுபடி வைத்தாலே வருகிற மாற்றத்தைவிடப் பெரும்பாலும் சிறியது. உண்மையில் பழகுவது குஷனும் நம் காதும்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017இல் ப்ரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீட்டுக் கோடுகளையும் விலைகளையும் ஒப்பிட்டு, கோட்டுக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை என்று எழுதினார். உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற மூவாயிரம் ரூபாய் ஹெட்போனைத் தூக்கிப்போடுவதற்கு முன் குஷனைப் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம்தான் முக்கியமானது. அதற்காகத்தான் செயலாளரிடம் நானே போய் இந்த மாலையைக் கேட்டு வாங்கினேன். குஷன் கசிந்தால் பாஸ் குறைகிறது என்றேன். பாஸ் குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? வால்யூமை ஏற்றுகிறோம். குஷன் கசிந்தால் வெளிச்சத்தமும் உள்ளே வருகிறது. வேளச்சேரி ரயிலில், பஸ்ஸில், தெருவில் வண்டிச் சத்தத்தை மீறிக் கேட்க இன்னும் ஏற்றுகிறோம். நடப்பது நமக்குத் தெரியாது. குஷன் ஒரு நாளில் கெடுவதில்லை, ஒன்றரை வருஷத்தில் கெடுகிறது. வால்யூமும் அதே வேகத்தில் ஒவ்வொரு கோடாக ஏறுகிறது.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரம் என்றால் 75 டெசிபல்தான். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83க்கு 20 மணி, 86க்கு 10 மணி. ஆகக் கசிவை ஈடுகட்ட 6 டெசிபல் ஏற்றினால், காதின் வார பட்ஜெட் கால்பங்காகிறது. நாளைக்கு எட்டு மணி நேரம் அதை மாட்டியிருக்கிற பையன் அந்தப் பத்து மணியைத் திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமை காலையிலுமாகச் செலவழித்துவிடுவான். மிச்ச வாரம் முழுக்க ஓவர்டிராப்ட். இந்த ஓவர்டிராப்டைத் திருப்பிக் கட்டவும் வழியில்லை. உள்காதின் மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. வலிக்காது, ரத்தம் வராது. நாற்பது வயதில் ஒரு நாள், கல்யாண மண்டபத்தில் எதிரே இருப்பவர் பேசுவது மட்டும் புரியாமல் போகும்.

சில போன்களில் ஹெட்போன் சத்தம் எத்தனை டெசிபல், இந்த வாரம் எவ்வளவு நேரம் என்று காட்டும் வசதி இருக்கிறது. பிள்ளைகளைக் கேளுங்கள், எடுத்துக் காட்டுவார்கள். அந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம், அது போன் போடுகிற மனக்கணக்கு. ஆனால் போன மாதத்தைவிட இந்த மாதம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் போதும்.

கேள்வி நேரத்தில் மூன்று கேள்விகள் வந்தன. அவற்றையும் எழுதிவிடுகிறேன்.

சி பிளாக் மாமி, "காதுக்குள்ள செருகறதுக்கும் இதே கதைதானா?" என்று கேட்டார். இன்னும் அதிகம் என்றேன். டப்பாவில் மூன்று அளவு ரப்பர் மூக்கு கொடுத்திருப்பார்கள். நாம் மாட்டி வந்ததையே காலத்துக்கும் வைத்திருப்போம். இரண்டு காதும் ஒரே அளவு இல்லாதவர்கள் நிறையப் பேர், வலதுக்கு நடு அளவும் இடதுக்குப் பெரியதும் போட்டால் தப்பில்லை. கசிகிறதா என்று பார்க்கச் சுலபமான வழி, பாட்டு ஓடும்போது மெல்ல அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் பாஸ் திடீரென்று வந்தால், அழுத்துவதற்கு முன் கசிந்துகொண்டிருந்தது. பெரிய ஹெட்போனுக்கும் இதே சோதனை செல்லும். பலகையும் லேப்டாப்பும் இல்லாமல் வீட்டில் செய்யக்கூடியது இது ஒன்றுதான்.

ஒரு இளைஞர், "ஆப்பில் ஈக்வலைசர் வைத்துப் பாஸை ஏற்றிவிட்டால் போதாதா?" என்று கேட்டார். குஷன் நன்றாக இருந்தால் தாராளமாக. கசிகிற ஹெட்போனில் அது ஓட்டை வாளியில் வேகமாகத் தண்ணீர் ஊற்றுவது. தலையைத் திருப்பினாலே கசிவின் அளவு மாறும், ஆப்புக்கு அது தெரியாது. சவ்வும் ஒரு அளவுக்கு மேல் தாங்காமல் கரகரக்கும்.

மூன்றாவது கேட்டவர் எட்டாம் வகுப்பு மாணவி. குஷன் மாற்றியதற்கு முன்னும் பின்னும் ஐந்து ஐந்து கோடு எடுத்தீர்கள், பழைய குஷனைத் திரும்ப மாட்டி மறுபடி எடுத்தீர்களா, பழைய இடத்துக்கே கோடு வந்ததா என்று கேட்டாள். வந்தது. வராமல் இருந்திருந்தால், நடுவில் வேறு ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். அவள் கேட்டது சரியான கேள்வி. அன்று நேரமில்லாததால் மேஜையில் செய்து காட்ட முடியவில்லை.

பலகையும் மைக்கும் சங்க அலுவலகத்து அலமாரியில் இருக்கின்றன. மாதத்தின் இரண்டாவது, நாலாவது ஞாயிறு மாலை 5 மணியிலிருந்து 7 மணி வரை நான் அங்கே இருப்பேன். ஹெட்போனைக் கொண்டுவாருங்கள். குஷன் ஏற்கெனவே மாற்றியிருந்தால், பழசைக் குப்பையில் போடாமல் அதையும் எடுத்துவாருங்கள், உரிந்திருந்தாலும் பரவாயில்லை.